பழைய ஒளிப்படங்களும் புதிய இடைச்செருகல்களும்

தமிழ்நூற் பதிப்பு வரலாற்றை அறிந்தோர் 'இடைச்செருகல்' என்னும் சொல்லின் கனத்தை நன்கறிவர். ஏட்டில் எழுத்துச் சிதைந்த இடத்திற் பின்வந்த ஒருவர் தம் மனத்திற் பட்டதை எழுதிச் சேர்த்துவிடுகிறார். மூலத்தையும் சேர்க்கையையும் பிரித்தறிதற்குரிய அடையாளம் எதனையும் அவர் விட்டுவைப்பதில்லை. அடுத்த தலைமுறை இரண்டையும் ஒன்றெனக் கொண்டு படிக்கின்றது. அதற்கடுத்த தலைமுறையோ சேர்க்கையையே மூலத்துக்குச் சான்றாகக் காட்டத் தலைப்படுகின்றது. சுவடிகளின் உலகில் இச்செயல் ஓர் இழுக்கெனக் கண்டிக்கப்பட்டு வந்துள்ளது. ஒளிப்படங்களின் உலகிலோ அதே செயல் இன்று 'மீட்டெடுத்தல்' என்னும் மதிப்பார்ந்த பெயர் பூண்டு உலாவருகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகளிற் பதிவான படங்களைக் கணினிக்கு ஏற்றி, கீறல்களை அகற்றி, பின்னர் அவற்றுக்கு நிறமூட்டி வெளியிடுதல் பெருவழக்காகியுள்ளது. கருமையும் வெண்மையுமாய் இருந்த முகங்களுக்குத் தோலின் நிறம் வந்துவிடுகின்றது, புடைவைகள் சிவக்கின்றன, வானம் நீலமாகின்றது. "இறந்த காலம் உயிர்பெற்றது" என்ற தலைப்போடு அவை பரவுகின்றன. பார்ப்போர் வியக்கின்றனர். அவ்வியப்பு இயல்பானதே. ஆயின் வியப்பு வேறு, அறிவு வேறு. வரலாற்றைக் கற்போரும் கற்பிப்போரும் இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவாராயின், அம்மயக்கத்தின் விளைவு சிறிதன்று.

முதலில் மூன்று செயல்களைப் பிரித்து நோக்குதல் வேண்டும். தகட்டை மேலும் அழியாது காத்தல் பேணல் ஆகும். தகட்டில் உள்ளதைத் தெளிவாகப் படிக்கத்தக்க வகையிற் பிரதிசெய்து, தூசு, கீறல், பூஞ்சணம் என்பன விளைத்த மறைப்பை அப்பிரதியில் நீக்குதல் செப்பனிடல் ஆகும். தகட்டில் ஒருபோதும் பதிவாகாத ஒன்றைப் புதிதாகச் சேர்த்தலே நிறமூட்டல். முதலிரண்டும் தேவையானவை, பாராட்டத்தக்கவை. மூன்றாவது அவற்றின் தொடர்ச்சியெனக் காட்டப்படுகின்றது. உண்மையில் அது அவற்றுக்கு நேரெதிரானது. பேணுவோர் தகட்டின் சொல்லுக்குச் செவிசாய்க்கின்றனர். நிறமூட்டுவோர் தகட்டின் வாயில் தம் சொல்லைத் திணிக்கின்றனர்.

இக்கூற்று மிகையோ என ஐயுறுவோர், கண்ணாடித் தகடு எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை அறிதல் நன்று. 1851 ஆம் ஆண்டு பிரெடரிக் ஸ்கொட் ஆச்சர் என்னும் ஆங்கிலேயர் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்டார். அயடைட்டுக் கலந்த கொலோடியனைக் கண்ணாடியிற் படரவிட்டு, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் படம் எடுத்து, உடனேயே அதனைக் கழுவி உருத்துலக்குதல் வேண்டும். இருட்டுக் கூடாரத்தையும் இரசாயனப் போத்தல்களையும் சுமந்துகொண்டே அக்காலத்துப் படப்பிடிப்பாளர் ஊரூராகத் திரிந்தனர். 1871 இல் றிச்சட் லீச் மடொக்ஸ் என்பார் செலற்றின் உலர்தகட்டு முறையை முன்வைத்த பின்னரே இச்சுமை படிப்படியாகக் குறையலாயிற்று. இரு முறைகளிலும் 'நெகற்றிவ்' என வழங்கும் எதிர்மறைப் படிமம் ஒன்றே கண்ணாடியில் உருவாகின்றது. ஒளி மிகுதியாய் விழுந்த இடம் கறுக்கும். குறைவாய் விழுந்த இடம் தெளிந்திருக்கும். தகடு பதிவுசெய்வது இவ்வளவே.

ஒளி முழுவதையும் அது பதிவுசெய்யவுமில்லை என்பதே இங்குக் கருதற்பாலது. அக்காலத்து வெள்ளி உப்புக்கள் நீலம், ஊதா, புறவூதா ஆகிய கதிர்களுக்கே வசப்பட்டன. சிவப்பும் மஞ்சளும் அவற்றுக்கு ஏறத்தாழ இருளே. நீலவானம் வெற்று வெண்மையாய் வெளிப்பட்டதும், செந்நிறத் துணி கறுப்பாய்த் தோன்றியதும் இக்காரணத்தாலேயாம். 1873 இல் ஜேர்மனியரான ஹேர்மன் வில்ஹெல்ம் வோகல், சில சாயங்களைச் சேர்ப்பதன் மூலம் தகட்டின் உணர்திறனைப் பச்சை, மஞ்சள் நோக்கி விரிக்கலாம் எனக் கண்டறிந்தார். கட்புலனாகும் நிறங்கள் அனைத்தையும் உணரும் தகடுகள் வணிக முறையில் விற்பனைக்கு வந்தது 1906 அளவிலேதான். எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தகடு மனிதக் கண் கண்ட உலகின் சாம்பல்நிறப் பிரதி அன்று. அது மனிதக் கண் ஒருபோதும் கண்டிராத, நீலக்கதிர்கள் மட்டுமே தீட்டிய வேறொரு சித்திரம்.

இதனாற் பெறப்படுவது யாது? தகட்டிலுள்ள ஒரு சாம்பற் சாயலுக்குப் பல நிறங்கள் காரணமாயிருந்திருக்கலாம். கருஞ்சிவப்பும், கடும்பச்சையும், கபிலமும், மஞ்சளும் ஒரே சாயலாய்ப் பதிந்திருத்தல் கூடும். இரண்டு எண்களின் பெருக்கம் 24 என்று மட்டும் அறிந்த ஒருவரிடம் அவ்வெண்கள் யாவை என வினவினால், அவை 4 உம் 6 உம் ஆகலாம்; 3 உம் 8 உம் ஆகலாம்; 2 உம் 12 உம் ஆகலாம். எத்துணைத் திறமையுள்ள கணக்காளரும் அப்பெருக்கத்திலிருந்து மட்டும் விடையைத் துணிந்து கூற இயலாது. கணினி இதற்கு விலக்கன்று. இழந்ததொன்றை மீட்கலாம், தகட்டில் என்றுமே இல்லாததை மீட்டல் எவ்வாறு? ஆகவே 'நிற மீட்பு' என்னும் தொடரே பொருளற்றது.

ஒளிப்பட வரலாற்றின் புகழ்பெற்ற நிகழ்வொன்று இதனை நன்கு விளக்கும். 1861 இல் இலண்டன் றோயல் இன்ஸ்டிரியூசனில் ஜேம்ஸ் கிளாக் மக்ஸ்வெல், பல நிறக் கட்டங்கள் கொண்ட ஸ்கொட்லாந்து நாடா ஒன்றின் படத்தை நிறத்தோடு திரையிற் காட்டினார். தோமஸ் சட்டன் என்பவர் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிகளினூடாக எடுத்த தனித்தனிப் படங்களை அதேநிற ஒளிகளால் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தியே அக்காட்சி நிகழ்த்தப்பட்டது. சிவப்பை உணராத தகட்டிற் சிவப்பு எவ்வாறு பதிந்தது? ஒரு நூற்றாண்டு கழிந்து, 1961 இல், கொடக் நிறுவனத்து ஆய்வாளர் றால்ஃப் எவன்ஸ் முதலானோர் இவ்வினாவுக்கு விடை கண்டனர். சிவப்பு வடி புறவூதாக் கதிர்களையும் கடத்தியது. நாடாவின் சிவப்புச் சாயம் அக்கதிர்களையும் தெறித்தது. தகட்டிற் பதிந்தது சிவப்பன்று, புறவூதாவே. மக்ஸ்வெல்லின் கொள்கை சரியானது. அவர் காட்டிய சிவப்போ தற்செயலின் கொடை. மூன்று தகடுகளை முன்வைத்துச் செய்த ஆய்விலேயே இத்தகைய மயக்கம் நூறாண்டு நிலவியதாயின், ஒரே தகட்டை வைத்துக்கொண்டு நொடிப்பொழுதில் நிறம் உரைப்போரின் துணிவை என்னென்பது!

நிறம் உண்மையாகவே பதிவான கண்ணாடித் தகடுகளும் உள என்பதை மறத்தலாகாது. ருஷ்யரான செர்கேய் புரொக்குடின்-கோர்ஸ்கி (1863–1944) இவ்வகையில் முதன்மையானவர். பேர்லினில் அடோல்ஃப் மீத்தே என்பாரிடம் இக்கலையைப் பயின்ற அவர், நீண்ட கண்ணாடித் தகடொன்றில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று படங்களை நீலம், பச்சை, சிவப்பு வடிகளினூடாக எடுத்தார். 1908 இல் தோல்ஸ்தோயை நிறப்படமாக எடுத்தவரும் இவரே. இரண்டாம் நிக்கலஸ் மன்னரின் ஆதரவோடு 1909 முதல் 1915 வரை ருஷ்யப் பேரரசின் பல பகுதிகளிலும் பயணஞ்செய்து தேவாலயங்களையும், ஆறுகளையும், ஆலைகளையும், பல்லின மக்களையும் பதிவுசெய்தார். புரட்சியின் பின் நாட்டைவிட்டு நீங்கிய அவர் பாரிசில் மறைந்தார். அவருடைய மைந்தரிடமிருந்து 1948 இல் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் அத்தகடுகளை வாங்கியது. அங்குள்ள தகடுகள் 1,902. 2000 ஆம் ஆண்டளவில் அவை கணினிக்கு ஏற்றப்பட்டு, மூன்று படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்பட்டன. 1911 இல் எடுக்கப்பட்ட புகாரா அமீரின் படத்தில் அவரணிந்த பட்டங்கி நீலமாய் ஒளிர்கின்றது. அந்நீலம் யாருடைய கற்பனையுமன்று; தகட்டின் சாட்சியம்.

அப்படங்களில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மூன்று படங்களும் ஒரே கணத்தில் எடுக்கப்படவில்லை, அடுத்தடுத்து எடுக்கப்பட்டன. எனவே இடையில் அசைந்த நீரலையிலும், மரக்கிளையிலும், பொறுமையிழந்த சிறுவரின் உருவிலும் செம்மையும் நீலமுமான விளிம்புகள் பிதுங்கித் தெரிகின்றன. அவ்விளிம்புகள் குறைபாடுகள்தாம். எனினும் அந்நிறம் எங்ஙனம் பெறப்பட்டதென்பதைப் பார்ப்போருக்கு அறிவிக்கும் குறைபாடுகள் அவை. நிறமூட்டப்பட்ட படத்திலோ இத்தகைய விளிம்பு எதுவுமில்லை. அது குற்றமற்று வழவழப்பாயிருக்கின்றது. அவ்வழவழப்பே அதன் பெருங்குற்றம்.

கணினியின் நிறமூட்டல் எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும் நோக்கலாம். 2016 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்து ஆய்வாளர் மூவர் வெளியிட்ட ஆய்வு இத்துறையிற் பெரிதும் பேசப்பட்டது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நிறப்படங்களைக் கணினிக்குக் காட்டிப் பழக்கி, கறுப்பு வெள்ளைப் படமொன்றுக்கு ஏற்கத்தக்க நிறங்களை அது தானே இடும்படி செய்தனர். உண்மை நிறத்தைக் கண்டுபிடித்தல் தம் நோக்கமென அவர்கள் கூறவில்லை. காண்போர் நம்பத்தக்க நிறத்தை அளித்தலே நோக்கமென வெளிப்படையாய்க் கூறினர். அவர்தம் முறையின் வெற்றியை அளந்த சோதனையும் அதற்கேற்பவே அமைந்தது. உண்மைப் படத்தையும் நிறமூட்டிய படத்தையும் அருகருகே காட்டியபோது, ஏறத்தாழ 32 விழுக்காட்டுச் சந்தர்ப்பங்களிற் பார்த்தோர் ஏமாந்தனர். ஏமாற்றத்தின் அளவே வெற்றியின் அளவாயிற்று. ஆய்வாளர் தம் வரம்பை அறிந்தே கூறினர், அவர்களைக் குறைகூறுதற்கில்லை. அக்கருவியைக் கையிலெடுத்து 'வரலாற்றை மீட்கின்றோம்' எனப் பறைசாற்றுவோரே குறைகூறற்குரியர். இன்றைய உலகின் படங்களைக் கண்டு பழகிய கருவி, நேற்றைய உலகுக்கு இன்றைய நிறத்தையே வழங்கும். அறியாதவிடத்து அது மௌனஞ்சாதிப்பதில்லை. பெரும்பான்மை வழக்கை எடுத்து இட்டுவிடுகின்றது. பெரும்பான்மைக்குப் புறம்பானவை யாவும் அங்கே மறைகின்றன.

இவ்விடயம் இலங்கைக்குத் தொலைவானதன்று. ஆங்கில ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மாகிரட் கமரூன் அம்மையார் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் டிக்கோயாப் பகுதியில் மறைந்தார். அவருடைய கணவர் சாள்ஸ் ஹே கமரூன், கோல்புறூக் – கமரூன் ஆணைக்குழுவினால் இந்நாட்டு வரலாற்றில் அறியப்பட்டவர். கோப்பித் தோட்ட உடைமையாளருமாவார். அம்மையார் களுத்துறையிலும் மலைநாட்டிலும் கண்ணாடித் தகடுகளில் எடுத்து அச்சிட்ட படங்களுள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. தோட்டங்களில் உழைத்த தமிழர் எனக் கருதப்படுவோரும் ஊர்மக்களும் அவற்றிற் காட்சிதருகின்றனர். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் தெனிசனும், டார்வினும், ஹேர்ஷலும் தத்தம் பெயரோடு நிற்கின்றனர். இலங்கைப் படங்களில் நிற்போருட் பெரும்பாலோர்க்குப் பெயரில்லை. இப்பெயரின்மை தற்செயலானதன்று. யார் பெயருக்குரியோர், யார் வெறும் காட்சிக்குரியோர் என்பதைக் குடியேற்ற ஆட்சியின் சமூக அமைப்பே தீர்மானித்தது.

இத்தகைய படமொன்றுக்கு நிறமூட்டினால் நிகழ்வது யாது? கொலோடியன் தகடு செந்நிற, மஞ்சள்நிறக் கதிர்களை உணராமையால் மனிதத் தோலின் சாயல் அதில் உள்ளதினும் இருண்டே பதிவாகும். கபிலத்தோலர் விடயத்தில் இத்திரிபு பெரிதும் மிகும். தகட்டின் இத்திரிபை அறியாத நிறமூட்டுநர் அவ்விருளையே தோலின் உண்மை அளவெனக் கொண்டு கபிலம் பூசுகிறார். அன்றேல் அழகென்று தாம் கருதும் அளவுக்கு அதனை வெளிறச் செய்கிறார். முன்னது இரசாயனத்தின் திரிபை இனத்தின் இயல்பாக்குகின்றது. பின்னது விளம்பரங்களின் தோல்நிறப் பித்துக்குப் பணிகின்றது. இரண்டிலும் அத்தொழிலாளி மறுபடியும் ஒருமுறை பிறர் கைப்பொருளாகின்றாள்.

உடையின் நிறமும் வெறும் அலங்காரமன்று. தமிழர், சிங்களவர் எவராயினும், இந்நாட்டு மக்களின் வாழ்வில் நிறம் ஒரு மொழி. கைம்மையும், துறவும், மணக்கோலமும், துக்கமும் நிறத்தாற் பேசப்பட்டன. குங்குமம் தகட்டிற் கரும்புள்ளியாய்ப் பதியும். மஞ்சள்தோய்ந்த தாலிக்கயிறு கறுப்புக் கயிறாகும். வெளிர்நீலச் சேலை வெள்ளைச் சேலைபோலத் தோன்றும். அக்கரும்புள்ளி குங்குமமோ, சாந்துப்பொட்டோ? அவ்வெண்ணிறம் கைம்பெண்ணின் வெள்ளையோ, சாயமிட்ட நீலமோ? இவ்வினாக்களை எழுப்புதல் ஆய்வாளர் கடன். நிறமூட்டிய படம் இவ்வினாக்கள் எழுவதற்கு முன்னரே விடையைப் பூசி மெழுகிவிடுகின்றது. ஒரு பெண்ணின் வாழ்நிலையையே மாற்றி எழுதும் ஆற்றல் அத்தூரிகைக்கு உண்டு என்பதை அதைப் பிடித்திருப்போர் உணர்வதில்லை.

இலங்கைக்கு இது புதிய அனுபவமுமன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறமூட்டிய அஞ்சலட்டைகள் கொழும்பிலும் ஏனைய துறைமுக நகரங்களிலும் பிரயாணிகளுக்குப் பெருந்தொகையாய் விற்கப்பட்டன. அக்காலத்து நிறமூட்டிய அஞ்சலட்டைகளுட் பல ஜேர்மனியில் அச்சிடப்பட்டவை. கீழைத்தேயத்தைக் கண்டிராத அச்சுத் தொழிலாளரின் கையில், தேயிலைக் கொழுந்து கிள்ளும் பெண்ணின் சேலை நிறம் நிர்ணயிக்கப்பட்டது. வாங்குவோர் விரும்பிய பகட்டான கீழைத்தேயம் அவர்களுக்குக் கிடைத்தது. லயத்துக் காம்பிராவும், கூலிக்கணக்கும், பெரட்டுக்களமும் அந்த அட்டைகளில் இடம்பெறவில்லை. இன்றைய கணினி நிறமூட்டல் அவ்வஞ்சலட்டை மரபின் வாரிசேயன்றி ஆவணக்காப்பு மரபின் வாரிசன்று. கடந்தகாலம் நுகர்பண்டமாகுமிடத்து அதற்கு முதலிற் பூசப்படுவது நிறமே.

இப்போக்கு எங்குக் கொண்டுசென்று விடும் என்பதைக் கம்போடிய நிகழ்ச்சி காட்டிற்று. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் புனோம் பென் நகரின் துவோல் சிலெங் சிறைச்சாலையில் அடைக்கப்பட்டோரின் முகங்கள் வரிசையாகப் படமெடுக்கப்பட்டன. அங்குச் சென்ற பல்லாயிரவருள் உயிர்தப்பியோர் மிகச் சிலரே. கொலைஞர்கள் தம் கணக்குக்காக எடுத்த அப்படங்கள் பின்னர் அவர்தம் குற்றத்துக்கே சான்றாயின. 2009 இல் அவ்வாவணத் தொகுதி யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. 2021 ஏப்ரலில் மேலைநாட்டு நிறமூட்டுநர் ஒருவர் அவற்றுட் சிலவற்றுக்கு நிறமிட்டார். நிறத்தோடு நில்லாது சில முகங்களிற் புன்னகையையும் வரைந்தார். அவற்றை வெளியிட்ட இணையச் சஞ்சிகை, கம்போடிய அரசும் இறந்தோரின் உறவினரும் கிளர்ந்தெழுந்தபின் அக்கட்டுரையை அகற்றிக்கொண்டது. மரணத்தின் வாயிலில் நின்ற ஒருவரைச் சிரிக்கவைத்தமை தனிமனித வக்கிரம் என ஒதுக்கிவிடலாகாது. தகட்டில் இல்லாத நிறத்தைச் சேர்க்க உரிமையுண்டெனின், இல்லாத புன்னகையைச் சேர்க்கமட்டும் உரிமையில்லை எனக் கூறுவது எக்கோட்பாட்டின் அடிப்படையில்? எல்லையை முதற்படியிலேயே வரையாதவர் இறுதிப்படியில் வரைதல் அரிது.

நிறமூட்டலை ஆதரிப்போர் கூறும் நியாயங்கள் சிலவுள. அவற்றையும் ஆராய்தல் முறையாகும்.

பழங்காலத்திலேயே படங்களுக்குக் கையால் நிறந்தீட்டினரே என்பர் சிலர். உண்மைதான். யோக்கோகாமாவில் பெலிச்சே பியற்றோ முதலானோரின் நிலையங்களில் தீட்டப்பட்ட படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. ஆயின் அவை அக்காலத்தவர் தம் காலத்துப் படத்துக்குத் தீட்டியவை. அச்சுப் பிரதியின்மேல் தீட்டியவை. தீட்டியமை வெளிப்படையாய்த் தெரிபவை. அந்நிறமும் அக்கால இரசனைக்குரிய ஓர் ஆவணமாகின்றது. நூற்றைம்பது ஆண்டுகளின் பின் வந்தோர் சேர்க்கும் நிறம் எக்காலத்துக்கு ஆவணம்? தம் சொந்தக் காலத்துக்கே அது ஆவணமாகும், படத்தின் காலத்துக்கன்று.

கறுப்பு வெள்ளைப் படங்களும் உண்மையுரைத்தனவல்லவே என்பது மற்றொரு வாதம். இதுவும் ஒருவகையில் மெய்யே. 1850களில் குஸ்தாவ் லு கிறே கடலை ஒரு தகட்டிலும் வானை வேறொரு தகட்டிலும் எடுத்து ஒன்றாக்கினார். 1863 இல் கெற்றிஸ்பேர்க் போர்க்களத்தில் அலெக்சாந்தர் காட்னரின் குழுவினர் வீரர் ஒருவரின் உடலை வேறிடத்துக்குக் கொண்டுசென்று கிடத்திப் படமெடுத்தனர் என வில்லியம் பிரசனிற்றோ 1975 இல் வெளியிட்ட ஆய்வு நிறுவிற்று. ஆயினும் அவ்வுண்மை வெளிப்பட்டது எதனால்? தகடுகள் மாற்றப்படாது பேணப்பட்டிருந்தமையாலன்றோ? பாறைகளையும் கிடையையும் படத்துக்குப் படம் ஒப்பிட இயன்றமையாலன்றோ? முன்னோர் செய்த பொய்யைக் கண்டுபிடிப்பதற்கே தூய மூலம் வேண்டும். ஒருவர் பொய்யுரைத்தார் என்பது மற்றவர் பொய்யுரைத்தற்கு உரிமைச்சீட்டாகாது.

கடந்தகால மனிதர் நிறமுள்ள உலகில்தானே வாழ்ந்தனர், நிறமிட்டாற்றானே இளைஞர் அவர்களை நெருக்கமாய் உணர்வர் என்பது மூன்றாவது வாதம். கேட்பதற்கு இனிதாயினும் ஆபத்துமிக்கது இதுவே. நெருக்கம் என்பது பிறரை அவர்தம் வேற்றுமையோடு அறிதலால் வருவது. அவர்களைத் தம்மைப்போல ஒப்பனைசெய்து பார்த்தலால் வருவதன்று. சங்கப் பாடலை அதன் சொல்லோடும் துறையோடும் பயிலும் மாணவர், இன்றைய நடையில் மாற்றித் தந்தாலன்றிப் படியேன் என்பாராயின் ஆசிரியர் யாது செய்வர்? உரை எழுதித் துணைபுரிவர், மூலத்தைத் திருத்தமாட்டார். ஒளிப்படத்துக்கும் வேண்டப்படுவது உரையே. நிறம்பற்றி அறியத்தக்கவை உளவெனின், அச்செய்திகளைப் படத்தின் கீழ் எழுதலாம். பயணக்குறிப்புக்கள், துணிவணிகக் கணக்குகள், அருங்காட்சியகங்களில் எஞ்சிய ஆடைகள் என்பன அதற்கு உதவும்.

'நிறமூட்டப்பட்டது' எனக் குறிப்பிட்டுவிட்டால் போதுமே என்பர் வேறு சிலர். குறிப்பு படத்தோடு நிலைப்பதில்லை. படம் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்லும்போது முதலில் உதிர்வது குறிப்பே. எஞ்சுவது படம். அதுவே நாளை பாடநூலிலும், நினைவுமலரிலும், நீதிகோரும் மேடையிலும் சான்றாய் நிற்கும். அப்பொழுது அதன் ஒரு நிறம் பொய்யென எதிர்ப்பக்கத்தார் நிறுவிவிட்டால், படம் முழுவதுமே பொய்யெனத் தள்ளப்படும். அநீதிக்குள்ளான மக்களுக்கே இவ்விழப்பு மிகப் பெரிது.

செப்பனிடல் எங்கு நிற்றல் வேண்டும் என்பதற்குக் கட்டடங்களைப் பேணுவோர் நெடுங்காலத்துக்கு முன்னரே நெறிவகுத்துள்ளனர். 1964 இல் உருவான வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்திற் புனரமைப்பு நின்றுவிட வேண்டும் எனவும், சேர்க்கப்பட்ட பகுதி மூலத்தினின்றும் வேறுபடுத்தி அறியத்தக்கதாய் இருத்தல் வேண்டும் எனவும் விதிக்கின்றது. தமிழ்ப் பதிப்பாசிரியர் அச்சாசனத்துக்கு முன்னரே இந்நெறியை ஒழுகினர். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைத்தில. அந்நூலை 1904 இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் கிடைத்த எட்டுப் பத்துக்களையே பதிப்பித்தார். புறநானூற்றிற் சிதைந்த அடிகள் புள்ளிகளாகவே அச்சேறின. சேரர் வரலாற்றையும் சங்க நடையையும் அவரினும் நன்கறிந்தார் அன்று யாவர்? இருபது பாட்டைப் புனைந்து நிரப்ப அவருக்குப் புலமை இல்லாமலில்லை. நிரப்பாமல் விடுதற்கு வேண்டிய நேர்மை இருந்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை முதலியோர் செல்லரித்த ஏடுகளோடு போராடியதும் இந்நேர்மையின் பொருட்டே. புள்ளிகளிட்ட அவ்வெற்றிடங்கள் தமிழாராய்ச்சியின் வெட்கமல்ல, அதன் மானம். கண்ணாடித் தகட்டின் சாம்பல்நிறமும் அத்தகையதொரு வெற்றிடமே.

ஆயின் செய்யவேண்டியது யாது? பணி மிகுதியாயுள்ளது, ஆரவாரம் அதிலில்லை. இந்நாட்டின் வெப்பமும் ஈரப்பதனும் செலற்றின் படையில் பூஞ்சணத்தை வளர்க்கின்றன; படை கண்ணாடியினின்றும் உரிகின்றது; விளிம்புகளில் வெள்ளி ஆடிபோற் படிகின்றது. பழைய ஒளிப்பட நிலையங்களிலும் வீடுகளிலும் தகடுகள் எஞ்சியிருப்பின், அவற்றை ஒன்றன்மேலொன்றாய் அடுக்காது நிமிர்த்தி நிறுத்தி, அமிலமற்ற தாளுறையிலிட்டு, உலர்ந்த குளிர்ந்த அறையில் வைத்தல் வேண்டும். உடைந்த துண்டுகளையும் எறிதலாகாது. திருத்தமெதுவுமற்ற முழுத்தகட்டுப் பிரதியொன்றை முதலிற் கணினிக்கு ஏற்றி, அதனை என்றும் தொடாது காத்தல் வேண்டும். செப்பனிடுதல் யாவும் இரண்டாம் பிரதியிலேயே நிகழ்தல் வேண்டும். எது நீக்கப்பட்டது, எவரால், எப்பொழுது என்பது உடன் எழுதப்படல் வேண்டும். எல்லாவற்றினும் முதன்மையாக, படத்திலுள்ளோரின் பெயரும் ஊரும் தொழிலும் முதியோரிடம் கேட்டுப் பதியப்படல் வேண்டும். பெயரற்று நின்ற தோட்டத்துப் பெண்ணுக்கு ஒரு பெயரைத் தேடித்தருதல், ஆயிரம் சேலைகளுக்கு நிறம் பூசுவதினும் பெரிய மீட்பு.

1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அதன் பின்னைய போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் கைவிட்டுச் சென்றவற்றுட் படங்கள் எத்தனையோ! ஆவணங்களை இவ்வளவு இழந்த சமூகத்துக்கு எஞ்சியதை அலங்கரித்துப் பார்க்கும் ஆசை எழுதல் இயல்பே. ஆனால் இழப்பு மிகுந்த இடத்திலேதான் எஞ்சிய சான்றின் தூய்மை மிகுந்த பெறுமதி உடையதாகின்றது. ஆயிரம் சுவடிகள் உள்ள நூலில் ஓர் இடைச்செருகலை ஒப்பிட்டுக் களையலாம். ஒரே சுவடியில் எஞ்சிய நூலில் அதனைக் களைய வழியேயில்லை. பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறையும் நூலகங்களும் இதனை உணர்ந்து, பாடநூலிலோ கண்காட்சியிலோ நிறமூட்டிய படத்தைச் சான்றாக ஏற்பதில்லை என்னும் விதியைத் தமக்கு விதித்துக்கொள்ளுதல் காலத்தின் தேவையாகும். விரும்புவோர் நிறமூட்டிக் களிக்கலாம்; அதனை ஓவியமென்க. ஒளிப்படமென்றும் வரலாறென்றும் அதனை அழைத்தல் தகாது.